ஊசி மோகமும் ஒரு பொட்டலம் உப்பும்

பாட்னாவிலிருந்து பெல்லாரி வரை எந்தச் சிற்றூர் கிளினிக்கிலும் கேட்கக்கூடிய கேள்வி ஒன்று உண்டு. டாக்டர் ஸ்டெதஸ்கோப் வைத்துப் பார்த்தாயிற்று. நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தாயிற்று. சீட்டில் நாலு வரி எழுதியும் ஆயிற்று. நோயாளி மட்டும் இடத்தைவிட்டு எழுந்திருப்பதில்லை. மொழிக்கு மொழி வார்த்தை மாறும், பொருள் ஒன்றுதான்: "ஊசி போடலையா, டாக்டர்?" போடவில்லை என்றால் வந்த காரியம் பாதிதான் முடிந்தது என்று அர்த்தம். மாத்திரை சாதாரண வைத்தியம். ஊசி நல்ல வைத்தியம். கம்பத்தில் பாட்டிலைத் தொங்கவிட்டு குளூக்கோஸ் ஏற்றினால் அது ராஜ வைத்தியம். மருந்துகளுக்கும் இந்தியாவில் சாதிப் படிக்கட்டு இருக்கிறது.

இந்த நம்பிக்கை காரணமில்லாமல் வந்துவிடவில்லை. சென்ற நூற்றாண்டின் நடுவில் இந்தியக் கிராமங்கள் கண்ட அற்புத மருந்துகள் ஊசி வடிவில்தான் வந்தன. முதலில் வந்த பென்சிலினை விழுங்கினால் வயிற்று அமிலம் அதைச் சிதைத்துவிடும். காசநோய்க்கான ஸ்ட்ரெப்டோமைசினைக் குடல் ஏற்பதே இல்லை. வேறு வழியில்லாமல்தான் இரண்டும் ஊசியில் ஏறின. செத்துப்போவான் என்று நினைத்தவன் எழுந்து உட்கார்ந்ததைப் பார்த்த ஜனங்கள், பெருமையை மருந்துக்குக் கொடுக்காமல் ஊசிக்குக் கொடுத்துவிட்டார்கள். மூன்று தலைமுறை கழிந்தும் அந்தக் கணக்கு திருத்தப்படவில்லை.

திருத்த வேண்டிய பாடம் ஒன்று கல்லூரிகளில் இருக்கிறது. பார்மஸி டிப்ளமோவில் சேரும் பிள்ளைகள் முதல் வருடத்திலேயே படிப்பது. மருந்துப் பொருளை மனிதன் உட்கொள்ளத்தக்க வடிவமாக்குவது எப்படி, அதை உடம்புக்குள் எந்த வழியாக அனுப்புவது என்பதுதான் அந்தப் பாடம். கேட்பதற்கு உப்புச்சப்பில்லாத விஷயம். உண்மையில், ஒரு நாட்டில் யார் பிழைப்பார்கள் என்பதைத் தீர்மானிக்கிற விஷயம்.

தமிழில் மாத்திரை என்ற சொல்லே இந்தப் பாடத்தின் சாரத்தைச் சொல்லிவிடுகிறது. இலக்கணத்தில் அது ஒலியின் அளவு: கண் இமைக்கும் நேரம், அல்லது கை நொடிக்கும் நேரம். வைத்தியத்திலும் அது அளவுதான். தலைவலிக்கு விழுங்கும் வெள்ளை வில்லை முழுவதும் மருந்து அல்ல. பல மாத்திரைகளில் மருந்து சில மில்லிகிராம்தான். மீதி மாவுச்சத்தும், பாலில் கிடைக்கும் சர்க்கரையும், ஒட்டவைக்கும் பசையும், வயிற்றில் உடைந்து கரைய உதவும் பொருள்களும். அந்தச் சில மில்லிகிராமைக் கையால் எடுத்து வாயில் போட முடியாது. எடுக்கத்தக்க ஓர் அளவாக அதை ஆக்கித் தருவதுதான் மாத்திரை.

விழுங்கிய மாத்திரையின் பயணம் சுலபமானது அல்ல. வயிற்றில் அமிலம் காத்திருக்கிறது. அதைத் தாண்டிச் சிறுகுடலில் உறிஞ்சப்பட்டால், இரத்தம் அதை நேராக இதயத்துக்குக் கொண்டுபோவதில்லை. முதலில் கல்லீரலுக்குத்தான் கொண்டுபோகிறது. கல்லீரல் ஒரு கறாரான சுங்கச்சாவடி. வரும் சரக்கில் ஒரு பங்கை அழித்துவிட்டுத்தான் மீதியை உள்ளே விடும். சில மருந்துகளில் அநேகமாக முழுச் சரக்கையும் பறிமுதல் செய்துவிடும். மாரடைப்பு நோயாளிகள் சட்டைப்பையில் வைத்திருக்கும் நைட்ரோகிளிசரின் அந்த ரகம். அதை விழுங்கினால் பயனில்லை. நாக்குக்கு அடியில் வைத்தால், அங்குள்ள மெல்லிய இரத்தக் குழாய்கள் கல்லீரலுக்குப் போகாத குறுக்குவழியில் சில நிமிடங்களில் அதை இதயத்தில் சேர்த்துவிடும். அதே மாத்திரை, அதே வாய். இரண்டு அங்குல இட மாற்றத்தில் உயிர் இருக்கிறது.

ஆஸ்துமாவுக்கான சால்புடமாலில் இந்தக் கணக்கு இன்னும் தெளிவு. மாத்திரையாக விழுங்கினால் 2 அல்லது 4 மில்லிகிராம் வேண்டும். அது உடம்பு முழுக்கச் சுற்றி, கையை நடுங்கவைத்து, நெஞ்சைப் படபடக்கவைத்து, கடைசியில் கொஞ்சம் நுரையீரலுக்கும் போகும். இன்ஹேலரில் ஒரு அழுத்தலுக்கு வருவது 100 மைக்ரோகிராம், அதாவது 2 மில்லிகிராம் மாத்திரையில் இருபதில் ஒரு பங்கு. நேராக வேண்டிய இடத்துக்கே போவதால் அது போதும். ஆனால் இன்ஹேலரை 'பழகிவிடும், கடைசியில் எடுக்க வேண்டியது' என்று பயந்து ஒதுக்கிவிட்டு இருபது மடங்கை விழுங்கும் குடும்பங்கள் எல்லா மாநிலங்களிலும் இருக்கின்றன.

வடிவத்தை மீறினால் தண்டனையும் உண்டு. சில மாத்திரைகளுக்கு மேல் ஒரு பூச்சு இருக்கும். வயிற்றில் கரையாமல் குடலில் போய்க் கரையவேண்டும் என்பதற்காகப் பூசியது. சில மாத்திரைகள் பன்னிரண்டு மணி நேரமோ, ஒரு நாள் முழுவதுமோ சிறுகச் சிறுக மருந்தை விடும்படி செய்யப்பட்டவை. பாட்டிக்கு விழுங்க வரவில்லை என்று இவற்றை அம்மியில் பொடித்துத் தேனில் குழைத்தால், ஒரு நாள் மருந்து ஒரே நேரத்தில் உள்ளே இறங்கும். குழந்தைகள் விஷயத்தில் ஆபத்து இன்னும் அருகில் இருக்கிறது. காய்ச்சலுக்கான பாரசிட்டமால் சிரப்பில் 5 மில்லிலிட்டருக்கு 120 மில்லிகிராம் கொண்டதும் உண்டு, 250 கொண்டதும் உண்டு. கைக்குழந்தைக்கான சொட்டு மருந்திலோ ஒரே மில்லிலிட்டரில் 100 மில்லிகிராம் இருக்கும். சொட்டு மருந்தை சிரப் என்று நினைத்து ஒரு ஸ்பூன் கொடுத்தால், தொட்டில் குழந்தையின் வயிற்றுக்குள் போவது பெரியவர்கள் போட்டுக்கொள்ளும் 500 மில்லிகிராம் மாத்திரை. மருந்து சரி, பெயர் சரி, வடிவம் மட்டும் தப்பு.

இதையெல்லாம் பார்த்தால் ஊசிதான் நேர்வழி என்று தோன்றலாம். சில வேளைகளில் அது உண்மை. நினைவு தப்பியவருக்கும், ஓயாமல் வாந்தி எடுப்பவருக்கும், இரத்தத்தில் கிருமி பரவியவருக்கும் ஊசியே உயிர். இன்சுலின் ஒரு புரதம். விழுங்கினால் முட்டையையும் பருப்பையும் போல அதையும் வயிறு செரித்துவிடும் என்பதால் அது தோலுக்கடியில்தான் போகவேண்டும். ஆனால் விழுங்க முடிகிற நோயாளிக்கு, குடல் ஏற்கிற மருந்தை ஊசியில் போடுவதால் நோய்க்கு ஒரு நஷ்டமும் இல்லை. நோயாளிக்குத்தான் இருக்கிறது. விழுங்கியதையாவது சில வேளை வாந்தியில் வெளியேற்றலாம், நரம்பில் ஏற்றியதைத் திரும்ப எடுக்க முடியாது. தோலின் காவலைத் துளைத்துக்கொண்டு போகும் ஊசி தனியாகவும் போவதில்லை; முனையில் இருப்பதையெல்லாம் சேர்த்துக்கொண்டு போகிறது.

2002-க்கும் 2004-க்கும் இடையே நாடு முழுவதும் நடந்த ஒரு பெரிய ஆய்வு, இந்தியாவில் ஆண்டுக்குச் சுமார் 300 கோடி ஊசிகள் போடப்படுவதாகவும், அவற்றில் 60 சதவிகிதத்துக்கு மேல் பாதுகாப்பற்றவை என்றும் கணித்தது. அந்தக் கணக்கின் விலை 2009-ல் குஜராத்தின் மோடாசா பகுதியில் தெரிந்தது. பயன்படுத்திய சிரிஞ்சுகள் மீண்டும் பயன்பட்டதில் ஹெபடைட்டிஸ்-பி மஞ்சள்காமாலை பரவி எண்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். 2018-ல் உத்தரப் பிரதேசத்தின் உன்னாவ் மாவட்டத்தில் பாங்கர்மாவ் பகுதியில் நாற்பதுக்கும் மேற்பட்டோருக்கு எச்.ஐ.வி. இருப்பது தெரியவந்தபோது, மலிவு விலைக்கு ஒரே ஊசியைப் பலருக்குப் போட்டதாகச் சந்தேகம் விழுந்தது ஒரு போலி மருத்துவர் மீது. சளிக்கும் காய்ச்சலுக்கும் ஊசி கேட்டுப் போனவர்களில் பலர் மாத்திரையிலேயே தேறியிருக்கக்கூடியவர்கள்.

மருந்தின் வழியை மாற்றுவதால் எத்தனை உயிர்கள் மிஞ்சும் என்பதற்கு உலகத்துக்கே பாடமான சம்பவம் நடந்ததும் இந்தியாவில்தான். 1971-ல் கிழக்கு பாகிஸ்தானிலிருந்து தப்பி இந்தியாவுக்குள் வந்த அகதிகள் சுமார் ஒரு கோடி பேர். மேற்கு வங்க எல்லையில் உள்ள போங்காவ்ன் என்ற சிறு நகரத்தைச் சுற்றிலும் லட்சக்கணக்கானவர்கள் குவிந்தார்கள். மழை வந்தது, கூடவே காலரா வந்தது. காலராவில் மனிதனைக் கொல்வது கிருமியைவிட வறட்சிதான். உடம்பின் தண்ணீரும் உப்பும் சில மணி நேரத்தில் குடல் வழியாகக் கொட்டிவிடும். அதற்கு அன்றைய ஒரே வைத்தியம் நரம்பு வழியாக சலைன் ஏற்றுவது. கல்கத்தாவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆய்வு மையத்தைச் சேர்ந்த டாக்டர் திலீப் மஹலனாபிஸ் ஜூன் மாதக் கடைசியில் போங்காவ்ன் மருத்துவமனைக்குப் போனபோது அங்கே காலரா நோயாளிகளுக்கு இருந்தது இரண்டு அறைகள், 16 படுக்கைகள். மற்றவர்கள் தரையில் கிடந்தார்கள். நரம்பில் ஊசி ஏற்றுவதற்கு டாக்டர், அந்தத் தரையின் மலத்திலும் வாந்தியிலும் மண்டியிட வேண்டியிருந்தது. சலைன் பாட்டில்கள் தீர்ந்துகொண்டிருந்தன. ஊசி ஏற்றத் தெரிந்த கைகளும் போதவில்லை.

வேறொரு வழி இருப்பது அறிவியலுக்குத் தெரியாமல் இல்லை. 1953-லேயே கல்கத்தா டாக்டர் ஹேமேந்திரநாத் சாட்டர்ஜி, உப்பும் குளூக்கோஸும் கலந்த நீரை வாய்வழியே கொடுத்து 186 காலரா நோயாளிகளைத் தேற்றியதாக லண்டனின் 'லான்செட்' இதழில் எழுதியிருந்தார். ஒப்பிட்டுப் பார்க்கும் முறையான சோதனை இல்லை என்று உலகம் அதைப் பொருட்படுத்தவில்லை. 1960-ல் ராபர்ட் கிரேன் என்ற அமெரிக்க விஞ்ஞானி, சிறுகுடலின் சுவரில் சர்க்கரையும் உப்பும் கைகோத்துக்கொண்டு உள்ளே போகும் வாசல் ஒன்று இருப்பதை விளக்கினார். இரண்டும் போனால் தண்ணீரும் பின்னாலேயே போகும். காலரா மற்ற மதகுகளைத் திறந்துவிட்டாலும் இந்த வாசலை மூடுவதில்லை. 1968-ல் டாக்காவில் டேவிட் நாலினும் ரிச்சர்ட் கேஷும் அதை நோயாளிகளிடம் நிரூபித்தார்கள். ஆனால் எல்லாமே மருத்துவமனைக்குள், நர்சுகளின் கண்காணிப்பில் நடந்தவை. அகதி முகாமின் சேற்றில், படிப்பறிவில்லாதவர்கள் கையில் அது வேலை செய்யும் என்று பெரிய நிபுணர்கள் நம்பவில்லை.

மஹலனாபிஸுக்கு நம்புவதைத் தவிர வேறு வழியில்லை. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 22 கிராம் குளூக்கோஸ், 3.5 கிராம் சமையல் உப்பு, 2.5 கிராம் சோடா உப்பு. கல்கத்தாவில் எடை போட்டு, பாலிதீன் பைகளில் கட்டி, சூடான இஸ்திரிப் பெட்டியால் ஒட்டி போங்காவ்னுக்கு அனுப்பினார்கள். அங்கே குழாய் பொருத்திய டிரம்களில் கரைத்து வைத்தார்கள். 'வாய்வழி சலைன்' என்று அதற்குப் பெயர் வைத்தது சாமர்த்தியம். சலைன் என்ற வார்த்தைக்கு ஜனங்களிடம் அவ்வளவு மரியாதை. தாயும் மனைவியும் அண்ணனும் குவளையில் பிடித்துவந்து நோயாளியின் வாயில் ஊற்றிக்கொண்டே இருந்தார்கள். மிக மோசமானவர்களுக்கு மட்டும் ஊசி. 30 சதவிகிதம் வரை போன சாவு, இரண்டு மாதத்தில் சிகிச்சை பெற்ற 3,000-க்கும் மேற்பட்டவர்களில் 3.6 சதவிகிதமாக இறங்கியது. புதிய மருந்து எதுவும் கண்டுபிடிக்கப்படவில்லை. அதே உப்பு, அதே சர்க்கரை. வழி மாறியது, அதனால் கொடுக்கும் கையும் மாறியது.

இந்தக் கடைசி விஷயம்தான் அந்தப் பாடத்தின் மர்மம். ஊசிக்குப் படித்த கை வேண்டும். வாய்க்கு அக்கறையுள்ள எந்தக் கையும் போதும். எல்லைக்கு அப்பால் பங்களாதேஷில் 1980 முதல் பத்தாண்டுகள் பிராக் அமைப்பின் பெண் ஊழியர்கள் வீடு வீடாகப் போய், மூன்று விரலால் எடுத்த உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரை சேர் தண்ணீர் என்று ஒரு கோடிக்கும் மேற்பட்ட குடும்பங்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். தாய் எவ்வளவு நினைவு வைத்திருக்கிறாள் என்று பார்த்துத்தான் ஊழியருக்குச் சம்பளம். இந்தியாவில் போலியோ ஒழிந்த கதையும் இதுவே. நாக்கில் விடும் இரண்டு சொட்டாக இருந்ததால்தான் ரயில் நிலையத்திலும் செங்கல் சூளையிலும் சாதாரணத் தொண்டர்கள் அதைக் கொடுக்க முடிந்தது. 2011 ஜனவரியில் ஹவுராவில் கண்ட நோயாளியோடு இயற்கைப் போலியோ இந்தியாவில் முடிந்தது. அதன்பின் 2015 கடைசியில் போலியோ ஊசியும் சேர்ந்தது. சொட்டு மருந்தின் உயிருள்ள வைரஸ் மிக அபூர்வமாகத் தானே நோய் தருவதால் அது அவசியமாயிற்று. வழியைத் தேர்வது பக்தி அல்ல, கணக்கு. மறு ஆண்டு சில மாநிலங்களில் அந்த ஊசியைத் தசைக்குப் பதில் தோலுக்குள் போட்டபோது, ஒரு தடவைக்கு ஐந்தில் ஒரு பங்கு மருந்தே எடுத்துக்கொண்டது.

சிம்லாவில் டாக்டர் ஓமேஷ் பார்தி செய்ததும் அப்படி ஒரு கணக்குத்தான். வெறிநாய் கடித்தவர்களுக்குத் தரவேண்டிய எதிர்ப்புப் புரதம் விலை அதிகம், கிடைப்பதும் அரிது. காயத்தைச் சுற்றிப் போட்டது போக மீதியைத் தசையில் போடுவது வழக்கம். தசையில் போடுவதால் பெரிய பயனில்லை, காயத்துக்குள் மட்டும் போட்டால் போதும் என்று அவர் காட்டினார். ஒரு ஆளின் மருந்து பல ஆட்களுக்கு ஆயிற்று. 2018-ல் உலக சுகாதார நிறுவனமும் அந்த முறையை ஏற்றது. 2019-ல் அவருக்கு பத்மஸ்ரீ கிடைத்தது.

இத்தனை பாடம் சொன்ன நாட்டில் உப்புப் பொட்டலத்தின் கதி என்ன? 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, வயிற்றுப்போக்கு கண்ட குழந்தைகளில் நூற்றுக்குச் சுமார் 61 பேருக்குத்தான் ஓ.ஆர்.எஸ். கிடைத்தது. மற்றவர்களுக்கு ஏன் இல்லை? 2024-ல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஆய்வு ஒன்று விடை தேடியது. கர்நாடகத்திலும் பீகாரிலும் 2,000-க்கும் மேற்பட்ட தனியார் சிகிச்சையாளர்களிடம், இரண்டு வயதுக் குழந்தையின் தகப்பன் போல நடிக்கும் ஆட்களை அனுப்பிப் பார்த்தார்கள். பொட்டலம் கையிருப்பில் இல்லாதது சிறு காரணம். வேறு மருந்தில் லாபம் அதிகம் என்பதும் சிறு காரணம். பெரிய காரணம், 'வந்திருப்பவர் ஓ.ஆர்.எஸ். விரும்பமாட்டார்' என்று சிகிச்சையாளரே நினைத்துக்கொள்வது. கேட்டால் கொடுத்தார்கள். கேட்கவில்லை என்பதால் எழுதவில்லை. நோயாளி டாக்டருக்காகவும், டாக்டர் நோயாளிக்காகவும் காத்திருக்க, நடுவில் குழந்தை காய்ந்துகொண்டிருக்கிறது.

மலிவான மருந்துக்கு மரியாதை இல்லாத இடத்தில் அதன் பெயருக்கு மட்டும் சந்தை உண்டு. பெட்டிகளில் ஓ.ஆர்.எஸ். என்று எழுதிக்கொண்டு, அந்த அளவுகளோடு சம்பந்தமில்லாத இனிப்புப் பானங்கள் பல ஆண்டுகள் விற்றன. 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அந்தப் பெயரை எடுக்க உத்தரவிட்டது. இது வார்த்தைச் சண்டை அல்ல. இப்போதைய முறைப்படி, ஒரு லிட்டருக்கான பொட்டலத்தில் சோடியம் குளோரைடு 2.6 கிராம், குளூக்கோஸ் 13.5 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், சிட்ரேட் உப்பு 2.9 கிராம். சர்க்கரை கூடினால் குடல் தண்ணீரை உள்ளே இழுப்பதற்குப் பதில் வெளியே விடும்; போக்கு அதிகமாகும். லிட்டர் பொட்டலத்தை ஒரு டம்ளரில் கரைத்தால் உப்பு ஏறி மூளையைத் தாக்கலாம். 200 மில்லிலிட்டருக்கான சிறு பொட்டலமும் கடைகளில் உண்டு என்பதால், எந்தப் பொட்டலம், எவ்வளவு தண்ணீர் என்று அட்டையைப் படித்தே தீரவேண்டும். கரைத்ததை 24 மணி நேரத்துக்குள் தீர்க்கவேண்டும், மிஞ்சினால் கொட்டிவிடவேண்டும். கூடவே தரும் துத்தநாக மாத்திரை ஒரு ஸ்பூன் தாய்ப்பாலிலேயே கரையும்படி செய்யப்பட்டது. அதையும் போக்கு நின்றதோடு நிறுத்தாமல் சொன்ன நாள் வரை கொடுக்கவேண்டும்.

'லான்செட்' இதழ் 1978-ல் இந்தச் சிகிச்சையை அந்த நூற்றாண்டின் மிக முக்கியமான மருத்துவ முன்னேற்றமாக இருக்கக்கூடும் என்று எழுதியது. மஹலனாபிஸ் 2022 அக்டோபரில் கல்கத்தாவில் காலமானார். பத்ம விபூஷண் மறு ஆண்டு, அவர் இல்லாதபோது வந்தது. நாடு தாமதமாகக் கொடுத்த மரியாதை அது. மரியாதை இன்னும் வந்துசேராதது அவர் கொடுத்த மருந்துக்கு.

மருந்து அதிகாரத்தை முடிக்கும்போது வள்ளுவர் வைத்தியத்துக்கு நான்கு உறுப்புகளை எண்ணுகிறார்: நோயாளி, வைத்தியன், மருந்து, பக்கத்திலிருந்து அதைக் கொடுப்பவன். முதல் மூவரைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். போங்காவ்னில் குவளையோடு உட்கார்ந்திருந்தது நான்காவது ஆள். எந்த வீட்டிலும் இரவு இரண்டு மணிக்கு விழித்திருப்பதும் அந்த ஆள்தான். அந்தக் கைக்கு எட்டும் வடிவத்தில், அந்தக் கையால் முடிகிற வழியில் மருந்தைக் கொடுத்து, அளவையும் சொல்லிக்கொடுத்துவிட்டால், பாதி ஊசிகளுக்கு வேலை இருக்காது.